படுக்கையறை மூலையில் கறுப்புப் பூசணம்: துடைத்தாலும் திரும்ப வருகிறது

8 நவம்பர் 2025, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்து ஒருவர் கேட்டது

செப்டம்பரில்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். இரண்டு அறை, வாடகை. படுக்கையறையில் வெளிச்சுவர் மூலையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். ப்ளீச் அடித்துத் துடைத்தேன், சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. ஏஜென்ட் வந்து பார்த்து, "நீங்கள் சமைக்கிற விதம்தான் காரணம், ஆவி அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மனைவி சோறு வடிக்கவே பயப்படுகிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. சமையலைக் குறைத்தால் இது நிற்குமா?

9 நவம்பர் 2025, இரவு 10.40

சமையலைக் குறைக்க வேண்டாம். முதலில் இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் தம்பி.

நான் லெஸ்டரில் இருக்கிறேன். இது ஏழாவது குளிர்காலம். எங்களுடையது நூறு வருடத்துக்கும் மேல் பழைய வரிசை வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளியும் கிடையாது, குளிர் தடுக்கும் பஞ்சும் கிடையாது. இரண்டாவது குளிர்காலத்தில் மகள் கட்டிலுக்குப் பின்னால் இதே புள்ளிகள் வந்தன. கட்டிலை இழுத்துப் பார்த்தால் மெத்தையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. டிரங்குப் பெட்டியில் ஈரத்துணி மாட்டிக்கொண்டால் ஒரு மக்கல் வாடை வருமே, அதே வாடை. அவளுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று வாரமாக இரவு இருமல். நான் சளி மருந்தைத்தான் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்குப் பின்னால் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மூன்று வாரம் இன்னும் மனதை அறுக்கிறது, அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பூசணத்தின் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அதை யாராலும் தடுக்க முடியாது. தின்பதற்கும் சுவரில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்: வால்பேப்பர் பசை, பெயின்ட், தூசி. அதற்குக் கிடைக்காமல் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். வீட்டில் எங்கே சுவர் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ, அங்கே காற்றில் உள்ள ஆவி போய்ப் படிகிறது. குளிர்ந்த மோர்ச் செம்பு வெளியே வேர்க்கிறதே, அதேதான். வெளிச்சுவர் இரண்டு சேரும் மூலை, பீரோவுக்குப் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, கட்டில் ஒட்டியிருக்கும் இடம். சூடான காற்று அங்கெல்லாம் போய்ச் சேராது.

ப்ளீச் நிறத்தை எடுத்துவிடுகிறது. பிளாஸ்டரும் பெயின்ட்டும் தண்ணீரை உறிஞ்சும். நிறத்தை எடுக்கிற சத்து மேலேயே தீர்ந்துபோய், அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. டைல்ஸ், கண்ணாடி, ஜன்னல் சட்டம் என்றால் ப்ளீச் சரி. சுவருக்கு, பூசணம் எடுக்கவென்றே விற்கிற மருந்து வாங்குங்கள். அவசரத்துக்குச் சோப்புப் போட்ட வெந்நீர் போதும். உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்க்காதீர்கள், வித்து அறை முழுக்கப் பறக்கும். எஃப்எஃப்பி2 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, அந்தத் துணியை உடனே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தை அன்றைக்கு வேறு அறையில் தூங்கட்டும். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், அது வீட்டு ஓனர் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

இரவில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். கட்டிலையும் பீரோவையும் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மிச்சம் நாளைக்கு.

10 நவம்பர் 2025, காலை 6.15

ஒன்றை விட்டுவிட்டேன், வேலைக்குக் கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். ப்ளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது. அமோனியா இருக்கிற கண்ணாடி கழுவும் திரவத்தையும் கூடாது. இரண்டிலும் விஷவாயு வரும். ஒன்றைத் தெளித்துவிட்டு அது காய்வதற்குள் மற்றதைத் தெளித்தாலும் அதேதான். இணையத்தில் "இரண்டையும் போட்டால் வேகம்" என்று எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள்.

14 நவம்பர் 2025

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: வெளியே மழை கொட்டுகிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே வரும்?

என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறாள். நான் ஜன்னலைத் திறக்கத் திறக்க அவள் பின்னாலேயே வந்து சாத்துகிறாள். "மழை நாள்ல யாராவது ஜன்னலைத் தொறப்பாளா?" என்கிறாள். அவள் சொல்வது கும்பகோணத்துக்கு முழுக்கச் சரி. ஐப்பசி அடைமழையில் அங்கே வெளிக்காற்று 27 டிகிரி, ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும். திறந்தால் அரிசி டப்பா வரைக்கும் ஈரம்தான்.

இங்கே கணக்கு தலைகீழ். குளிர்ந்த காற்றால் தண்ணீரைச் சுமக்க முடியாது. 5 டிகிரியில் அது சுமக்கக்கூடியது கன மீட்டருக்கு 7 கிராம்கூட இல்லை. 18 டிகிரியில் 15 கிராமுக்கு மேல் சுமக்கும். அதனால் மழை பெய்கிற 5 டிகிரிக் காற்றை உள்ளே விட்டு 18 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 42 சதவீதமாக இறங்கிவிடும். வெளியே கைக்குச் சில்லென்று நசநசவென்று தெரிகிற காற்று, உள்ளே வந்ததும் உலர்ந்த காற்று.

இதை அம்மாவுக்குப் புரியவைக்க, காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டுகிற ஒரு ஈரமானி வாங்கினேன், பத்து பவுண்டுக்கும் குறைவு. காலையில் எழுந்ததும் எங்கள் அறையில் 74 காட்டியது. இரண்டு ஜன்னலையும் அகலத் திறந்து பத்து நிமிடம். வெளியே தூறல். 55. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். இப்போது காலைக் காபிக்கு முன்னால் ஜன்னல் திறப்பது அவள் வேலை. ஜன்னல் ஓரம் நின்று தெருவில் போகிற நாய்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சாத்துகிறாள்.

ஈரமானி 60க்குக் கீழே காட்டினால் கவலை இல்லை.

16 நவம்பர் 2025

துணியைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாம்பாரைவிட, இட்லிப் பானையைவிட, பெரிய குற்றவாளி துணிதான்.

ஒரு மெஷின் துணி, சுற்றிப் பிழிந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். அதை ரேடியேட்டர் மேல் விரித்தால் அந்த இரண்டு லிட்டரும் எங்கே போகும்? வீட்டுக் காற்றுக்குத்தான். அங்கிருந்து உங்கள் படுக்கையறை மூலைக்கு. நான் இதைச் சோதித்தே பார்த்தேன். உலர்த்தும் ஸ்டாண்டைக் காயப்போடும் முன்பும் பின்பும் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். வித்தியாசம் 1.9 கிலோ. அது அத்தனையும் ஒரு ராத்திரியில் நாங்கள் சுவாசிக்கிற காற்றில் கலந்திருக்கிறது.

இப்போது ஸ்டாண்டைக் குளியலறையில் வைத்து, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டுவிடுகிறேன். துணி காய இரண்டு நாள் ஆகிறது, ஆகட்டும். ஃபேன் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க டிஷ்யூ தாள் ஒன்றை அதன் முகத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்களுடையதில் தாள் நழுவி விழுந்தது. கழற்றிப் பார்த்தால் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுத்தம் செய்தேன், இப்போது தாள் அப்பிக்கொள்கிறது.

சமையலறை ஹூட்டையும் பாருங்கள். இங்கே பல வீடுகளில் ஹூட் ஆவியை வெளியே தள்ளுவதே இல்லை. கரி ஃபில்டரில் சலித்து, மேலே இருக்கிற சின்னத் துளைகள் வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. "ஹூட் போட்டுத்தான் சமைக்கிறோம்" என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட ஹூட் என்றால் சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறப்பதுதான் வழி. பானைக்கு மூடி போடுங்கள். குக்கர் ஆவி அடங்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம். அவ்வளவுதான், சோறு வடிக்கலாம், ரசம் கொதிக்கலாம், எதையும் விட வேண்டியதில்லை.

23 நவம்பர் 2025

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "நாங்கள் பூஞ்சணம் என்றுதான் சொல்லுவோம்" என்று எழுதியிருக்கிறார். அழகாக இருக்கிறது. எங்கள் பக்கம் பூசணம். சுவரில் ஈரம் ஊறி நிற்பதற்கு ஓதம் என்று ஒரு சொல் இருக்கிறது, "சுவர் ஓதம் காக்கிறது" என்பாள் அம்மா. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று அதைத்தான் எழுத வந்தேன்.

உங்கள் சுவரில் இருப்பது அறைக் காற்றிலிருந்து படிந்த ஈரமா, வெளியிலிருந்து சுவருக்குள் ஊறிவரும் ஓதமா? இது தெரியாமல் மருந்து அடித்துப் பயனில்லை. அலுமினியத் தாள், சமையலறையில் இருக்குமே, அதில் ஒரு சாண் சதுரம் வெட்டி, சுவரைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் வேர்த்திருந்தால் காற்றின் ஈரம். உரித்துப் பார்க்கையில் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஓதம். ஓதம் என்றால் ஜன்னலைத் திறந்தும் பயனில்லை, குக்கரை மூடியும் பயனில்லை. அது வீட்டு ஓனர் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் ஒட்டினேன். இரண்டில் முன்பக்கம் வேர்த்தது. மகள் அறையின் வடக்கு மூலையில், உரித்ததும் பின்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரை ஓரத்துத் தண்ணீர்க் குழாயில் இலையும் பாசியும் அடைத்து, தண்ணீர் குழாய்க்குள் போகாமல் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. செங்கல் அந்த இடத்தில் மட்டும் கரும்பழுப்பாக, நாக்கு மாதிரி கீழே இறங்கியிருந்தது. அத்தனை வருடம் அந்த மூலையைத் துடைத்தது யார் குற்றத்துக்கு? வெளியே ஒரு ஏணி போட்டு அரைமணி நேரம் வேலை செய்யாததற்கு.

எங்களிடமும் "உங்கள் சமையல்" என்றுதான் சொன்னார்கள். எழுத்தில் வைத்திருக்கிறேன்.

24 நவம்பர் 2025

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. தரையிலிருந்து மேலே ஏறுகிற ஓதமும் உண்டு. அது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் நின்று, அலை ஒதுங்கிய மாதிரி ஒரு கோடு போட்டிருக்கும். வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த உப்பு இருக்கிற இடத்தில் கறுப்புப் பூசணம் அதிகம் வராது. கவென்ட்ரித் தம்பி அனுப்பிய படத்தில் உப்பும் இல்லை, கோடும் இல்லை. எனக்குக் காற்றின் ஈரமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் தாளை ஒட்டிப் பார்த்துவிடுங்கள், படத்தை வைத்து நான் சொல்வதை நம்பிவிட வேண்டாம்.

2 டிசம்பர் 2025

நான் முன்னால் எழுதிய இரண்டைத் திருத்த வேண்டும்.

ஒன்று, இரவு முழுக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் செய்து பார்த்தேன். காலையில் ஈரமானி நல்ல எண்தான் காட்டியது, ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. சுவர் குளிரக் குளிர, மிச்சமிருக்கிற கொஞ்ச ஆவியும் அங்கேயே போய்ப் படிகிறது. ஹீட்டிங் பில்லும் ஏறுகிறது. அகலத் திறந்து, எதிரெதிர் ஜன்னலாகப் பார்த்து, ஐந்து பத்து நிமிடம், பிறகு இறுக்கிச் சாத்துவதுதான் சரி. காற்று மாறிவிடும், சுவரின் சூடு சுவரிலேயே இருக்கும். ஜெர்மனியில் இருக்கிற தோழி, அங்கே வாடகை ஒப்பந்தத்திலேயே இப்படிக் காற்று மாற்றச் சொல்லி எழுதுவதுண்டு என்கிறாள்; இதற்கென்று ஷ்டோஸ்லூஃப்டன் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஜன்னல் சட்டத்தின் மேலே நீளமாக ஒரு சின்னக் காற்றுத் திறப்பு இருந்தால், ட்ரிக்கிள் வென்ட் என்பார்கள், அதை மட்டும் எப்போதும் திறந்தே வையுங்கள். குளிருக்குப் பயந்து அதில் டேப் ஒட்டியிருந்த காலம் எனக்கும் உண்டு.

இரண்டு, 60க்குக் கீழே என்றால் கவலை இல்லை என்றேன். அது பாதிதான் உண்மை. பூசணத்துக்குச் சுவரில் தண்ணீர் சொட்ட வேண்டும் என்பதில்லை. சுவரை ஒட்டியுள்ள மெல்லிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே போதும். அறை நடுவில் 20 டிகிரி, 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் 12 டிகிரிக்கு இறங்கினால்தான் வேர்க்கும். ஆனால் 15 டிகிரிக்கு இறங்கினாலே சுவரோரம் 80ஐத் தாண்டிவிடும். கைக்கு உலர்ந்தே தெரியும், பூசணம் வளர்ந்துகொண்டிருக்கும். நான் ஈரமானியை அறை நடுவில் மேஜை மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். பீரோவுக்குப் பின்னால் வைத்தேன், அதே நேரத்தில் அங்கே 79.

அதனால் ஈரமானியை அறை நடுவில் வைக்காமல், சந்தேகப்படுகிற மூலையில் வையுங்கள். குளிர் அதிகமான நாட்களில் அறையை 50 பக்கம் கொண்டுவரப் பாருங்கள்.

பீரோ விஷயத்தில் அம்மாதான் சரி. வந்த அன்றைக்கே, "சுவத்துல ஒட்டிப் போடாதே, நாலு விரற்கடை விட்டுப் போடு" என்றாள். ஊரில் கரையானுக்குப் பயந்து செய்கிற பழக்கம். இங்கே அதே நாலு விரற்கடையில் காற்று ஓடுகிறது.

7 டிசம்பர் 2025

ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு. வாங்கலாம், ஆனால் உங்கள் வீட்டுக் குளிரைப் பார்த்து வாங்குங்கள். ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்தது, டெசிகன்ட் என்று ஈரத்தை உறிஞ்சும் சக்கரம் வைத்தது, இரண்டு வகை. கம்ப்ரஸர் வகை சூடான அறையில் நன்றாக இழுக்கும், மின்சாரம் குறைவு. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் தளர்ந்துவிடும். ஹீட்டிங் இல்லாத அறை, பின்கட்டு என்றால் டெசிகன்ட். அது குளிரிலும் இழுக்கும், மின்சாரம் அதிகம் தின்னும், ஆனால் அறையைக் கொஞ்சம் சூடாக்கியும் கொடுக்கும்.

எங்களுடையது கம்ப்ரஸர், 200 வாட் பக்கம். எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 2025 டிசம்பர் விலைக்கு 45 பென்ஸுக்குள். முதல் ராத்திரி மகள் அறையில் வைத்தோம். காலையில் தொட்டியைத் தூக்கும்போதே கனம் தெரிந்தது. அளந்து பார்த்தேன், இரண்டே கால் லிட்டர். மகள் அதைப் பார்த்து, "இதெல்லாம் என் மூச்சா அம்மா?" என்று கேட்டாள். கொஞ்சம் உன் மூச்சு, கொஞ்சம் உன் பள்ளிச் சட்டை என்றேன்.

அலமாரிக்குள் வைக்கிற உப்பு டப்பா, கால்சியம் குளோரைடு, அது அலமாரிக்குள் மட்டும் ஓரளவு உதவும். அறைக்கு ஆகாது. எங்கள் டப்பாவில் ஒரு மாதத்தில் சேர்ந்ததை மெஷின் ஒரு மணி நேரத்தில் எடுத்தது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல. சாம்பிராணி போட்டால் போகுமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். ஊரில் துணிக்குப் புகை போட்ட பழக்கம் எனக்கும் பிடிக்கும், அந்த வாசனைக்கு ஈடு இல்லை. ஆனால் மூடிய வீட்டில் இளைப்பு இருக்கிற குழந்தைக்கு அந்தப் புகை இன்னொரு தொல்லை. வெள்ளிக்கிழமை ஒரு சிட்டிகை, ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள், சாமிக்காக. சுவருக்காக வேண்டாம்.

21 டிசம்பர் 2025

இன்று வேறொன்று எழுத வேண்டும்.

அவாப் இஷாக் என்ற குழந்தை இறந்து இன்றோடு ஐந்து வருடம். இரண்டு வயது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேலில், வீட்டுவசதிச் சங்கத்தின் ஃபிளாட் ஒன்றில் இருந்த குடும்பம், சூடானிலிருந்து வந்தவர்கள். அப்பா 2017லேயே பூசணத்தைப் பற்றிப் புகார் செய்திருக்கிறார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பர் 21 அன்று குழந்தை போய்விட்டது. வீட்டில் நெடுநாள் பூசணம் இருந்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையைப் பற்றித் தாங்களாகவே ஊகம் செய்துகொண்டதாகச் சங்கமே பிறகு ஒப்புக்கொண்டது.

அதற்கு முந்தைய வருடமே, 2021 அக்டோபரில், வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் பூசணத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். "இது வாழ்க்கைமுறை அல்ல" என்பதுதான் அதன் தலைப்பு. கவென்ட்ரித் தம்பி, உங்கள் ஏஜென்ட் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் வீட்டுச் சமையலைச் சொல்லி வாயை அடைக்க வருகிறவர்களிடம் வெட்கப்பட்டுத் தலைகுனியாதீர்கள். மனிதர் இருக்கிற வீட்டில் ஆவி இருக்கும். அதை வெளியே அனுப்புகிற ஃபேனும், குளிர் ஏறாத சுவரும், ஒழுகாத குழாயும் கொடுப்பது வாடகை வாங்குகிறவரின் கடமை.

சட்டம் இங்கிலாந்துக்கு மட்டும் சொல்கிறேன். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அவாப் சட்டம் என்று வந்து, 2025 அக்டோபர் 27லிருந்து கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்), வீட்டுவசதிச் சங்க வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. பெரிய ஓதமும் பூசணமும் என்றால் புகார் வந்து 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரம். நம்மைப் போல் தனியார் வாடகையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் வரவில்லை, கொண்டுவர வழிசெய்யும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனால் வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிற 2018 சட்டம் நமக்கும் உண்டு. தேதியோடு படம் எடுத்து, ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள். குழந்தைக்கு இருமலோ இளைப்போ இருந்தால் டாக்டரிடம் வீட்டில் பூசணம் இருப்பதைச் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

"புகார் செய்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார்களே" என்று கேட்டவருக்கு: அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனாலேயே இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. 2026 மே 1லிருந்து காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்கிற நோட்டீஸ் ஒழிகிறது.

4 ஜனவரி 2026

புடவை.

இதை எழுத மனசே இல்லை. பீரோவின் அடித்தட்டில், கல்யாணத்துக்கு எடுத்த அரக்குக் கூரைப்புடவை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜிப் இழுத்து, பத்திரம் என்று வைத்திருந்தேன். பொங்கலுக்குக் கட்டலாம் என்று எடுத்தால் மடிப்பு நெடுக வெள்ளை வெள்ளையாகத் திட்டு, முந்தானை ஜரிகை ஓரத்தில் பொடி மாதிரி. பிளாஸ்டிக் உறைதான் காரணம். உள்ளே மாட்டிய ஈரத்துக்குப் போக வழி இல்லை.

அம்மா பதறவில்லை. வெயில் அடித்த மத்தியானம் பின்கட்டில் கொண்டுபோய்க் கொடியில் பிரித்துப் போட்டாள். நான்கு டிகிரி குளிர். காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெத்தென்ற துணிப்பிரஷ்ஷால் நூல் போகிற திசையிலேயே தட்டித் தட்டி எடுத்தாள். வீட்டுக்குள் அல்ல, வெளியிலேயே. ஈரத்துணி, தண்ணீர், வினிகர் எதுவும் பட்டுக்குப் போடவில்லை. மிச்சத்துக்கு, பட்டு தெரிந்த உலர்சலவைக் கடை. முக்கால்வாசி போய்விட்டது. ஜரிகைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை நிற்கும் போலிருக்கிறது.

இப்போது எல்லாப் பட்டும் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வெளிச்சுவரில் ஒட்டாத உள்ளறை அலமாரியில், மேல்தட்டில். மாதம் ஒரு தடவை மடிப்பை மாற்ற வேண்டும் என்று அம்மா கட்டளை.

சாமி படங்களையும் திருப்பிப் பாருங்கள். வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் பின் அட்டையில் இதே கதைதான். நான்கு மூலைக்கும் ஒரு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

6 ஜனவரி 2026, காலை

மைனஸ் 4. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் அடியில் ஐஸ். மூலையில் ஈரமானி 71. பத்து நிமிடம் திறந்தேன், 48. குளிர் அதிகமாக இருந்தால் காற்று அவ்வளவு சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது, ஐந்து நிமிடமே போதும்.

கண்ணாடியில் வழிகிற தண்ணீரை ரப்பர் வைத்த வைப்பரால் இழுத்துத் துணியில் ஒற்றி எடுங்கள். ஆனால் அந்தத் துணியை ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள். எடுத்த தண்ணீரை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி. சிங்க்கில் பிழிந்துவிட்டு மெஷினில் போடுங்கள்.

18 ஜனவரி 2026

பொங்கல் பால் பொங்கும்போது சமையலறை ஈரமானி 83. கதவு சாத்தி, ஜன்னல் திறந்து, "பொங்கலோ பொங்கல்" என்று மகள் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அரைமணி நேரத்தில் 56. படுக்கையறை மூலை 54லிருந்து அசையவே இல்லை. சமைத்தால் பூசணம் வரும் என்றவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

ஹீட்டிங்கைப் பற்றிக் கேட்டவருக்கு: காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி கொதிக்கக் கொதிக்கப் போட்டு நிறுத்தினால் காற்றுதான் சூடாகும், செங்கல் சூடாகாது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓடுவது சுவருக்கு நல்லது. யாரும் தூங்காத அறையையும் முழுக்கக் குளிர விடாதீர்கள். விட்டால் அதன் கதவையாவது சாத்தி வையுங்கள், இல்லையென்றால் மற்ற அறைகளின் ஆவியெல்லாம் அங்கே போய்த்தான் படியும். பில்லுக்குப் பயந்து எல்லோரும் ஒரே அறையில் ஒண்டுகிறோம் என்று எழுதிய நண்பருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. காலையில் அந்த ஒரு அறையின் ஜன்னலை மறக்காமல் திறங்கள்.

1 பிப்ரவரி 2026

எங்கள் வீட்டு ஓனர் ஒருவழியாக ஏணியோடு ஆள் அனுப்பினார். எட்டு வாரம், ஐந்து மின்னஞ்சல், கடைசியில் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தின் நகல். குழாயில் இருந்து எடுத்த பாசி ஒரு வாளி இருந்தது. செங்கல் காய மாதக்கணக்கில் ஆகும் என்றார் வந்தவர். அதுவரை அந்த மூலையில் பெயின்ட் அடிக்க விடமாட்டேன். காயாத சுவரில் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கவென்ட்ரித் தம்பி வீட்டில் தாளின் முன்பக்கம்தான் வேர்த்ததாம். ட்ரிக்கிள் வென்ட் மேல் முன்பு குடியிருந்தவர்கள் பெயின்ட் அடித்து மூடியிருந்ததைச் சுரண்டித் திறந்திருக்கிறார். கட்டிலை நாலு விரற்கடை தள்ளியாயிற்று. டிசம்பர் கடைசியில் துடைத்தது, ஐந்து வாரமாக ஒரு புள்ளி இல்லை. குளியலறை ஃபேன் மட்டும் இன்னும் மாற்றித் தரவில்லையாம், ஏஜென்ட் "பார்க்கிறோம்" என்கிறார். அதை மின்னஞ்சலில் சொல்லச் சொல்லுங்கள் தம்பி, தேதியோடு.

மனைவி திரும்பச் சோறு வடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை.